குளிர் ஊரில் ஒரு வெயில் ரோஜா

தலைமை நாற்காலியில் அமர்ந்து, இவன் பேச்சு எவ்வளவு நீளுமோ என்ற கவலையில் கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் தோட்டச் சங்கத் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே! ஈரக் காலணிகளோடு ஏறிவந்த எங்களை முகம் சுளிக்காமல் இந்த மாடி அறைக்குள் விட்ட நூலகர் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் சால்வைக்குள் மொட்டுகளாய்க் குவிந்திருக்கும் தாய்மார்களே! விரல் நுனியெல்லாம் முள் தழும்பு தாங்கிய பெரியோர்களே! கடைசி வரிசையில், எழுந்து ஓடத் தோதாகக் கதவோரம் அமர்ந்திருக்கும் என் மைத்துனர், பேருந்து ஓட்டுநர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எந்தத் தட்பவெப்பத்துக்கு எந்த ரோஜா என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் தோட்டக்காரன் அல்லன். கட்டடங்களுக்குச் சூடேற்றும் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். ரோஜா தெரிந்தவள் என் மனைவி. இந்த மேடையில் அவள் நின்றிருக்க வேண்டும். போன கோடை முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அதனால் நான் நிற்கிறேன்.

கைதட்ட வேண்டாம் ஐயா, இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே.

ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வெயில் ஊர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சுவர் சுடுகிறது, காற்று சுடுகிறது, காலையில் விரிந்த மலர் மாலையில் கலைந்து கிடக்கிறது. அங்கே எதை நடுவீர்கள்? ஐந்தாறு இதழ் ரோஜாவையா? வந்தது தெரிவதற்குள் அது உதிர்ந்துவிடுமே! இதழ் மேல் இதழாக அடுக்கி, அவசரமே இல்லாமல் அவிழும் வகையைத் தேடுங்கள். பிற்பகல் நிழல் விழும் இடத்தில் வையுங்கள்.

இப்போது மழை ஊர். கூரை சொட்டுகிறது, குடை சொட்டுகிறது. அங்கே இதழ் அடர்ந்த மொட்டு நனைந்து, ஒட்டிக்கொண்டு, விரியாமலே அழுகிப்போகும். அங்கே இதழ் குறைந்தது வேண்டும். இலை தடித்துப் பளபளக்க வேண்டும், இல்லையென்றால் கரும்புள்ளி நோய் வந்து ஒரே வாரத்தில் செடியை மொட்டையடித்துவிடும்.

அப்புறம் நம் ஊர். ஆண்டில் பாதி வெள்ளை, மீதி சேறு. இங்கே நிற்பது எது? சுருக்கம் விழுந்த இலையும் தண்டெல்லாம் முள்ளுமாய் ஒரு முரட்டு வகை இருக்கிறதே, அதுதான். ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பனியில் தண்டெல்லாம் செத்தாலும் வேரிலிருந்து அதே ரோஜா திரும்ப எழும்.

தலைப்பு இத்தோடு முடிந்துவிட்டது. நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் என் மனைவி இந்த ஊரில் நட்டது எதை? வெயில் ஊர் ரோஜாவை! சந்தன நிறம், ஓரத்தில் மட்டும் சிவப்பு, காய்ந்த தேயிலையின் மணம். பூத்தால் நிமிராது, வெட்கப்பட்டதுபோல் தலை கவிழ்ந்து நிற்கும். தலைவர் ஐயா அன்றைக்கே அவளிடம் சொன்னார்.

"ஏம்மா, இது வெயில் ஊர் வகையாச்சே. இந்தக் குளிர எப்படித் தாங்கும்?"

"நானும் வெயில் ஊர்க்காரிதான் டாக்டர். எனக்கு ஒரு கோட்டு வாங்கிக் கொடுத்தாங்க, நிக்கிறேன்ல? அதுக்கும் ஒண்ணு போர்த்திவிட்டாப் போச்சு."

அவள் போர்த்திய கோட்டு எது தெரியுமா? மண்! இலையுதிர்காலம் முடியும்போது செடிக்கு ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் தோண்டுவாள். எதிர்ப்பக்கத்து வேரை மட்டும் தளர்த்துவாள். கிழிந்த துணியால் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, மெல்ல, மிக மெல்ல, செடியைச் சாய்த்துப் பள்ளத்தில் படுக்கவைப்பாள். மேலே மண், மண்ணுக்கு மேல் சருகு. பனி உருகும்வரை அது அங்கேயே உறங்கும். நான் சமையலறை ஜன்னலில் நின்று கிண்டலடிப்பேன்.

"என்ன, உயிரோட பொதைக்கிறியா?"

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசருது."

இப்படிப்பட்ட வீட்டில் அவள் இல்லாத இலையுதிர்காலம் வந்தது. மைத்துனர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"மாப்ள, எந்தப் பக்கம் தோண்டணும்?"

"தோண்ட வேணாம் மச்சான். ஹீட்டர் வெச்சிருக்கேன்."

"செடிக்கா?"

"செடிக்குத்தான்."

"என் பஸ்ஸுக்கு ஒரு ஹீட்டர் போட்டுத் தாங்கன்னு எத்தன நாளா கெஞ்சுறேன்! செடி என்னய முந்திக்கிச்சா?"

சிரியுங்கள், சிரிக்க வேண்டிய இடம்தான். அன்று அவரிடம் வெப்ப இழப்புக் கணக்கெல்லாம் சொன்னேன். உண்மையைச் சொல்லவில்லை. அவளுக்கு என் கையால் மண் போட்டிருந்தேன். அவள் செடிக்கும் மண் போட என் கை வரவில்லை. அவ்வளவுதான்.

தெர்மோகோல் பலகையில் பெட்டி செய்தேன். உள்ளே சூடேற்றும் கம்பி, வெளிச்சத்துக்கு ஒரு மஞ்சள் விளக்கு, சூட்டை அளந்து நிறுத்தும் கருவி, எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி. வெளியே பனி இறங்கியது. வேலி மறைந்தது, படி மறைந்தது, தெரு மறைந்தது. எங்கள் முற்றத்தில் அந்தப் பெட்டி மட்டும் மஞ்சளாய் ஒளிர்ந்தது. கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துப் பார்த்தால், உள்ளே செப்பு நிறத்தில் தளிர்! நடுப் பனியில் தளிர்! ஊரெல்லாம் மரங்கள் உறங்க, ஒரு செடி மட்டும் விழித்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மனிதனும் விழித்திருந்தான். வேலைக்குப் போகும் முன் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். யார் வந்து என்ன பேசினாலும் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல்தான் இருந்தது. தளிர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

தலைவர் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"தம்பி, இது தூங்க வேண்டிய நேரம். தூங்காம கையிருப்ப எல்லாம் கரைக்குது. கரண்டு போனா ஒரே நாள்ல கருகிடும்."

"போகாது ஐயா. நான் இன்ஜினியர்."

போனது! விழுந்த இடத்திலேயே கட்டியாகிவிடும் உறைமழை பெய்து, மின்கம்பிகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் அறுந்தன. நான் அப்போது எங்கே இருந்தேன்? முதியோர் இல்லத்தின் கொதிகலனுக்கு அடியில் படுத்திருந்தேன். அங்கே பெரியவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாதியில் விட்டுவிட்டு வர முடியுமா? வேலையை முடித்து வீடு வந்தால், மைத்துனர் தன் சீருடைக் கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, சட்டையோடு பல் கிட்டித்து நின்றார். பெட்டியைத் திறந்தேன். தளிரெல்லாம் வெந்த கீரையாய்த் துவண்டு தொங்கின.

"மாப்ள, இப்பவாவது..."

"லேட்டாயிடுச்சு மச்சான். தரை கல்லா கெடக்கு. மண்வெட்டி இறங்காது."

"நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

"பாய்லர்."

"அப்புறமென்ன? வெந்நி வைங்க!"

இதோ முன்வரிசையில் இருக்கிறாரே, ரொட்டிக்கடை அம்மா, கேள்விப்பட்டதும் தன் கடை அண்டாவையே விறகடுப்பில் ஏற்றிவிட்டார். வாளி வாளியாய் வந்தது. வேரில் படாமல், பள்ளம் வரவேண்டிய பக்கத்தில் மட்டும் ஊற்றி, சாக்கைப் போட்டு மூடி, மறுபடி ஊற்றினோம். வெள்ளை முற்றத்தில் ஆவி எழுந்தது. எதிரே இருந்தவர் முகமே தெரியவில்லை, குரல்கள் மட்டும் மிதந்து வந்தன. மெல்ல மெல்லத் தரை இளகியது.

தண்டுகளைக் கட்டிச் சாய்த்தேன். ஒரு முள் உள்ளங்கையில் ஆழமாய் ஏறியது. வலித்தது. அப்போதுதான் கவனித்தேன், எனக்கு வலிக்கிறது.

செடி பள்ளத்தில் படுத்தது. மைத்துனர் மண்வெட்டி நிறைய மண் அள்ளினார். அள்ளியவர் அப்படியே நின்றார். புதைத்தே தீரவேண்டும் என்று முதலில் வந்து நின்றவர் அவர்தான்!

"என்னால ஆகல மாப்ள. என் தங்கச்சி வெச்சது. நீங்களே போடுங்க."

மண்வெட்டியை வாங்கினேன். போட்டேன். முதல் மண் விழுந்த சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான். இரண்டாவதும் போட்டேன். கால் பக்கம் போட்டு, இடுப்புப் பக்கம் போட்டு, கடைசியில் நுனியை மூடினேன். மேலே சருகு போட்டு, சருகு பறக்காமல் சாக்கு விரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குள் போய்ப் படுத்தவன், வெகு நாளைக்குப் பிறகு கனவுகூட இல்லாமல் தூங்கினேன்.

பனி உருகிவிட்டது. இன்று காலை தோண்டினோம்.

தண்டு பழுப்பாய் வந்தது. கத்தரியால் நுனியை வெட்டினேன். உள்ளே பழுப்பு, அப்படியானால் அந்த இடம் செத்தது. கீழே இறங்கி வெட்டினேன். பழுப்பு. இன்னும் கீழே. பழுப்பு! "போதும் மாப்ள, விடுங்க," என்றார் மைத்துனர். விடவில்லை. ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலே விரற்கடை தூரம்தான் மிச்சம்; அதற்குக் கீழே இருப்பது வேறொரு ரோஜாவின் வேர். வெட்டினேன். உள்ளே வெண்மை. வெண்மையைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம்.

பூக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இந்த ஆண்டு பூக்காமல் போகலாம். ஆனால் இருக்கிறது!

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே! வெயிலுக்கு இதழ் நிறைந்தது, மழைக்கு இதழ் குறைந்தது, குளிருக்குச் சொந்த வேர் கொண்டது, இப்படித் தேர்ந்தெடுங்கள், நிம்மதியாக இருங்கள். ஆனால் உங்கள் ஊருக்குப் பொருந்தாத ஒன்றின்மேல் மனம் போய்விட்டதா? நடுங்கள்! நட்டால் அதன் குளிர்காலத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். விழித்திரு, விழித்திரு என்று அதன் தலைமாட்டில் விளக்கேற்றி உட்காராதீர்கள். உறங்க விடுங்கள். மூட வேண்டிய நேரத்தில் மூடுங்கள்.

என்னம்மா? சத்தமாகக் கேளுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். "அடுத்த குளிருக்கு யார் தம்பி மூடுவாங்க?" என்று ரொட்டிக்கடை அம்மா கேட்கிறார்.

நான்தான் அம்மா மூடுவேன். தரை இறுகுவதற்கு முன்பே.

வெந்நீர் சுமந்த கைகளுக்கும், கோட்டைக் கழற்றிய தோள்களுக்கும், இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.