ஊசிக்கு முன்னாடி ஒரு கம்பி

அலோ... அலோ, அக்கா... நான்தான்... ஆமா, ஆமா, வேல நேரந்தான். எப்பவும் வாங்கி வெச்சுக்கற ஃபோன இன்னிக்கு எங்க கையிலயே குடுத்துட்டாங்க... ஐயோ, வேலய விட்டெல்லாம் தூக்கலக்கா, நீ ஒண்ணு! ஆடிட்டு. நாங்க தைக்கற சட்டைய வாங்கற கம்பெனியிலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க, ஃபாக்டரிய சுத்திப் பாக்க. அவங்க போற வரைக்கும் எல்லாம் உண்டு. பாத்ரூம்ல சோப்பு வெச்சிருக்காங்கக்கா! வாசன சோப்பு... சிரிக்காத. ஒருத்தி கைய மோந்து மோந்து பாத்துக்கிட்டே வரா.

...சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அத விடு, நேரமில்ல. இப்ப ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கேக்கறாங்க. சூப்பர்வைசர வெளிய நிறுத்திட்டு. அடுத்தது நான்.

...என்ன சொல்லணுமா? அதான் காலையிலயே மனப்பாடம் பண்ண வெச்சாரே, "எல்லாம் நல்லா இருக்கு மேடம்"னு... தெரியும்க்கா. தெரியும். நீ கத்தாத.

குருவிய ஞாபகம் இருக்கா?... ஆமா, பக்கத்து மிஷின்காரி. விரல்ல ஊசி ஏறி நகத்துக்குள்ளயே ஒடிஞ்சு நின்னுச்சே, அவதான். இன்னிக்கு அவள ஹாஸ்டல விட்டு வரக்கூடாதுன்னுட்டாங்க. கட்டு தெரிஞ்சுடுமாம். "இந்த மிஷின் ஏன் காலி?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "லீவு மேடம், ஊருக்குப் போயிருக்கா"ன்னாரு சூப்பர்வைசர். அப்புறம் என்னயப் பாத்தாங்க... நான் தலயாட்டிட்டேன்க்கா. பொம்ம மாதிரி.

...இரு, கேளு. நேத்து எல்லா மிஷின்லயும் ஊசிக்கு முன்னாடி ஒரு கம்பி மாட்டிட்டாங்க. விரல் உள்ள போகாம தடுக்குமே, அது... ஆமா, எப்பவுமே இருக்க வேண்டியதுதான்! வேகம் கொறையுதுன்னு கழட்டி டப்பாவுல போட்டு வெச்சிருந்தாங்க. இப்ப பழக்கமில்லாம லைனே தடுமாறுது. துணி இடிக்குது, விரல் இடிக்குது, ஒருத்திக்கும் தையல் ஓடல. அந்தம்மா எங்க கையயே பாத்துக்கிட்டு நின்னாங்க. அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சுக்கா. யாராச்சும் வாய்விட்டுச் சொல்லணும், அவ்வளவுதான்.

...ஏன் நானா?... அது தெரியல.

...ம்... ம்... பக்கத்து ஃபாக்டரி கததானே? மறக்கல. அங்கயும் ஆடிட்டுல உண்மையச் சொன்னாங்க, ஆர்டர் போச்சு, முதலாளி கேட்டப் பூட்டிட்டான். அந்தப் பொண்ணுங்க பெட்டியோட ரோட்டுல நின்னத நானுந்தான் பாத்தேன். இத்தன பேர் சோத்துல மண்ணப் போட்டா என்னச் சும்மா விடுவாங்களா?

...சரி. சொல்லாம வந்துட்டேன்னே வையி. அவங்க வண்டி கேட்டத் தாண்டினதும் கம்பியக் கழட்டுவாங்க. குருவி மிஷின்ல இன்னொருத்தி வந்து உக்காருவா.

...இரு, கூப்பிடறாங்க. வரேன் சார்!... பாத்தியா, "வாங்கம்மா"ன்றாரு. நாளைக்கு "ஏய்"தான்.

அக்கா, வெச்சுடாத. அப்படியே இரு. ஃபோன பையில போட்டுக்கிட்டு உள்ள போறேன்... தனியாப் போக பயமா இருக்கு. பேசாத, இரு. அது போதும்.

...வணக்கம் மேடம்... நல்லா இருக்கேன் மேடம்... சாப்பாடு நல்லா இருக்கும் மேடம்... சோப்பு இருக்கு மேடம்... காலி மிஷினா?...

...லீவு மேடம்...

...இல்ல மேடம். லீவு இல்ல. ஹாஸ்டல்லதான் இருக்கா. விரல்ல ஊசி... ஆமா மேடம். கம்பி நேத்துதான் மாட்டினாங்க... மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஆர்டர எடுத்துட்டுப் போயிடாதீங்க மேடம். நீங்க போயிட்டா எங்களுக்கு வேலயும் இல்ல, கம்பியும் இல்ல. இருந்து, கழட்ட விடாம பாத்துக்கங்க. உங்க சட்டையத் தைக்கும்போதுதானே மேடம் அவளுக்கு ஊசி ஏறுச்சு...

...சத்தமா? பையிலயா?... எங்கக்கா மேடம். அழுவுது...

அக்கா. அக்கா, அழாத. நான் வெக்கறேன்... இல்ல, பயமில்ல. மீதிய நானே பேசிக்கறேன்.