மார்கழி மாசத்து அமீபா

ஜலதோஷம்னு அவ்ளோ சத்தமா சொல்லாதீங்க டாக்டர், வெளிய எங்கண்ணன் உக்காந்துகினு கீறாரு. இருங்க, கதவ சாத்திக்கிறேன்.

தெரியும் சார். மூளைய துன்ற அமீபா வெயில் காலத்துல, தண்ணி சூடேறினாத்தான் வரும். இது மார்கழி, ஏரி ஐஸாட்டம் கீது. நான் போன்ல பாத்துட்டேன். அண்ணன் பாக்கலயே! அவராண்ட கீறது பட்டன் போனு.

ராஜகோபால்னு பேரு, கூடப் பொறந்தவரு. பக்கத்து வூடு, நடுவுல ஒரு சொவுரு. பதினோரு வருசமா பேச்சு இல்ல சார். இன்னாத்துக்கா? முருங்க மரம். ஒரு கெள அவரு பக்கம் சாஞ்சிச்சு, வெட்டிட்டாரு. நான் கோவத்துல மீதி மரத்தயும் வெட்டி அவரு வாசல்ல போட்டேன். அவரு பொண்ணு தீபா கல்யாணத்துக்கு மொட்ட மாடில நின்னு மேளம் கேட்டேன் சார்.

முந்தாநேத்து மூக்கு ஒழுவுச்சு, மண்டவலி. செம்பாக்கம் ஏரில முழுகினேன், மூக்கு வழியா அமீபா ஏறிட்ச்சுன்னு கத்தினேன். என் சம்சாரம் காந்தா சொவுத்தாண்ட நின்னு ஓன்னு அழுதா. வந்துட்டாரு சார்! டேய் பாலகுரு, மூளை எவ்ளோ மிச்சம் கீதுன்னு பாக்கணும், பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்றான்னாரு. அது எனக்கு எப்ப சார் தெரிஞ்சிச்சு? முழிச்சேன். பாதி பூட்ச்சேடான்னு என்ன கட்டிகினு அழுவுறாரு. நான் தும்மினா ஓடியாந்து மூக்க பொத்துறாரு, மிச்சமும் வெளிய வந்துருமாம்.

ஏரிக்கா? போவவே இல்ல சார். எனக்கு தண்ணின்னாலே பயம்.

பின்ன இன்னாத்துக்கு பொய்யா? அது இன்னான்னா... போன வாரம் அண்ணி காந்தாகிட்ட சொல்லிட்டாங்க. அண்ணனுக்கு ஈரல்ல கட்டி. பங்குனி தாண்டாதுன்னு ஆஸ்பத்திரில சொல்ட்டாங்களாம். யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினாராம். நானா போனா, பாவம் பாக்க வந்தியாடான்னு தொரத்திருவாரு. அதான் அவர என்ன பாக்க வரவெச்சேன்.

அமீபா கீதுன்னு பொய் சொல்ல வாணாம் சார். சந்தேகம் கீது, இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்னு சொல்லுங்க, போதும். பத்து நாளா அவருக்கு சோறே எறங்கலயாம். நேத்து எனக்கு ரசஞ்சோறு ஊட்டிகினே, அவரும் ரெண்டு வாய் துன்னாரு.