குருவாயி நின்ன மேடு

மலைக்கு ரோடு வராத காலம். பஸ்சுங்கிறத நம்ம ஆளுக யாரும் கண்ணால பாக்காத காலம். அப்ப நம்ம ஊரு இந்தச் செங்கானல்ல மொத்தமே பத்திருவது குடிசைதான் இருந்துச்சாம். எல்லாம் புல்லு வேஞ்ச குடிசை, குனிஞ்சுதான் உள்ள போகணும். இப்ப நீங்க காரை வீட்டுக்குள்ள கம்பளியப் போத்திக்கிட்டு, குளிருது குளிருதுங்கிறீங்க. அன்னைக்கு இருந்தவுக குளிர நான் சொன்னா வாயத் தொறக்க மாட்டீங்க. சரி, கேளுங்க.

அந்தக் குடிசையில ஒண்ணு மட்டும் ஊர விட்டு ஒதுங்கி, கணவாய்க்கு மேல இருக்குற மேட்டுல தனியா இருந்துச்சு. அதுல இருந்தவதான் குருவாயி. அவ புருசன் வெள்ளப்பன், பொதிமாட்டுக்காரன். பூண்டு மூட்டைய மாட்டு முதுகுல ஏத்திக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோயி, உப்பு வாங்கியாறது அவன் வேலை. குடிசைய ஒட்டி ஒரு நாவ மரம் இருந்துச்சு. ரெண்டு ஆளு கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதாம். என்னைக்கோ இடி விழுந்து ஒரு பாதி பட்டுப்போச்சு, மறுபாதி தளதளன்னு நின்னுச்சு. மேடு பூரா வெறும் புல்லு, வேற ஒரு செடி கெடையாது. அதனால கணவாய் ஏறி வர்றவன் கண்ணுல மொதல்ல படுறது அந்த மரந்தான்.

நம்ம ஊரு மஞ்சு, அந்த மூடுபனியப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எறங்குச்சுன்னா நீட்டுன கை தெரியாது. தடம் மாறிப் பள்ளத்துல போனவுக எத்தனையோ பேரு. மஞ்சு கொஞ்சம் வெலகுறப்ப அந்த மரத்துத் தலை தெரியும், அத வெச்சுத்தான் ஆளுக தடம் புடிப்பாக.

ஒரு தடவ வெள்ளப்பன் கெளம்புறப்ப குருவாயிகிட்டச் சொன்னானாம், "இந்த மரம் நிக்கிற வரைக்கும் எனக்கு வழி தப்பாது புள்ள. நீ கவலப்படாத." சொல்லிட்டு மாட்டப் பத்திக்கிட்டு எறங்கிட்டான். கூடப் போனவுக எல்லாம் திரும்பி வந்தாக, அவன் வரல. "மாட்டுக்குக் காலு நொண்டிருச்சு தாயி, சரியானதும் பின்னாடியே வர்றேன்னான்"னு சொன்னாக. சந்தை ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு, ஆடி போயி ஐப்பசியும் வந்துருச்சு. ஆளு வரல.

குருவாயி ஏங்கிப் போயிட்டா. தெனம் பொழுது சாய, அவன் காலு கழுவத் தண்ணி காய வெப்பாளாம். அது ஆறிப்போயி அப்பிடியே கெடக்கும். வீட்டுல உப்பு தீந்துருச்சு. ஊருக்காரவுக ஒரு கையி உப்பு குடுத்தாக, வாங்கல. "அவரு கொண்டாந்துக்கிட்டுத்தான இருக்காரு"ன்னு சொல்லிட்டு, உப்பில்லாத கஞ்சியக் குடிச்சாளாம். அந்த வீம்பெல்லாம் இப்ப யாருக்கு வருது.

அந்த ஐப்பசியில மழை புடிச்சுச்சு பாருங்க, விடவே இல்ல. அடுக்கி வெச்ச வெறகெல்லாம் ஊறிப் பூசணம் பூத்துப்போச்சு. அடுப்புல வெச்சா பொகையிது, எரிய மாட்டேங்குது. சோலைக்குள்ள வெட்டலாம்னா அது சாமி சோலை, சுள்ளி கூட ஒடிக்கக் கூடாது. ஊரு கூடிப் பேசுச்சு. அப்ப ஊருக்குப் பெரியவரு சடையன்னு ஒருத்தரு. அவரு சொன்னாரு, "மேட்டு நாவ மரத்துல பாதி பட்ட மரம். என்ன மழை பேஞ்சாலும் அதுக்குள்ள காஞ்சுதான் இருக்கும். அத வெட்டுவோம்."

பட்ட பாதிய மட்டும் வெட்டினா என்னன்னு நீ கேக்க வர்ற, தெரியுது. கொப்பையெல்லாம் முன்னாலேயே ஒடிச்சு எரிச்சாச்சுப்பா. மிச்சம் இருந்தது அடிமரம். அதுல கை வெச்சா மறுபாதி எங்க நிக்கும்?

ஆனா நெனச்ச ஒடனே வெட்ட முடியாது. அப்ப ஒரு மொறை இருந்துச்சு. பொழுது சாய, கோடாலியக் கொண்டுபோயி மரத்துல சாத்தி வெச்சு, "தாயே, ஊருக்கு வேணும், குடுப்பியா"ன்னு கேட்டுட்டு வந்துருவாக. விடிஞ்சு போயிப் பாக்குறப்ப கோடாலி சாத்துனபடி நின்னா மரத்துக்குச் சம்மதம். விழுந்து கெடந்தா மரம் மாட்டேங்குதுன்னு அர்த்தம். மாட்டேன்னு சொன்ன மரத்த வெட்டினா, அந்த நெழல்ல இருக்குற வீட்டு ஆம்பள உசுரோட திரும்ப மாட்டான்னு பேச்சு.

சடையன் வந்தாரு, கோடாலியச் சாத்துனாரு, கேட்டாரு, போனாரு. குருவாயி குடிசைக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்தா. மரம் போச்சுன்னா அவருக்கு வழி போச்சேங்கிறதுதான் அவ நெனப்பு. விடியக்காலம் எந்திரிச்சுப் போயி, கோடாலிய எடுத்துக் கீழ படுக்க வெச்சுட்டு வந்துட்டா. ஊரு வந்து பாத்துச்சு. "மரம் மாட்டேங்குதப்பா"ன்னு திரும்பிப் போயிருச்சு. ரெண்டு நாளு விட்டு மறுபடி கேட்டாக. மறுபடியும் இவ எடுத்துப் படுக்க வெச்சா. மூணாந்தடவையும் அப்பிடித்தான். கள்ளி.

இப்பிடி இருக்கையில ஊருக்குள்ள அங்காயிங்கிறவளுக்குக் கொறமாசத்துலயே வலி கண்டு புள்ள பொறந்துருச்சு. ஆம்பளப் புள்ள, உள்ளங்கை அகலந்தான் இருக்கு. ஒடம்பெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு. அடுப்புல தீ இல்ல. பொம்பளைக மாத்தி மாத்தி நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கிட்டு இருந்தாக. குருவாயியும் போனா. புள்ளைய வாங்கி மார்ல போட்டா, சில்லுன்னு இருந்துச்சாம்.

அங்காயி படுத்த வாக்குல கேட்டாளாம், "அக்கா, இன்னைக்காச்சும் மரம் சரின்னு சொல்லுமா?"

குருவாயி புள்ளையத் திருப்பிக் குடுத்தா. அங்காயி மொகத்தப் பாக்க முடியல. "சொல்லும்டி, கட்டாயம் சொல்லும்"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டா.

அன்னைக்குப் பொழுது சாய சடையன் நாலாந்தடவையா கோடாலியச் சாத்திட்டுப் போனாரு. குருவாயி முடிவு பண்ணிட்டா. இன்னைக்கு நான் தொட மாட்டேன், மரம் போனா போகட்டும், அவரு எப்பிடியாச்சும் வழி கேட்டு வந்துருவாருன்னு மனசக் கல்லாக்கிக்கிட்டுப் படுத்தா.

விடியக்காலம் வெளிய வந்து பாத்தா, கோடாலி விழுந்து கெடக்கு.

இவ தொடல. ஊருல இருந்து ஒரு ஈ காக்கா மேட்டுக்கு வரல. காத்தும் அடிக்கல. தானா விழுந்து கெடக்கு. குருவாயிக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்ப நெசமாவே மரம் வேணாங்குது. வேணாங்குதுன்னா அவரு வர்றாரு. வந்துக்கிட்டே இருக்காரு, அதனாலதான் மரம் சொல்லுது. இப்பிடி நெனச்சதும் அவளுக்குச் சந்தோசத்துல அழுகை வந்துருச்சாம். அழுதுக்கிட்டே இருக்கையில மார்ல கெடந்த அந்தப் புள்ளையோட குளிரு ஞாபகம் வந்துச்சு.

கோடாலிய எடுத்தா. நேரா சடையன் குடிசைக்குப் போனா. ஊரே பாக்குது.

"பெரியப்பா, இத்தனை நாளும் மாட்டேன்னு சொன்னது மரம் இல்ல, நான்தான். கோடாலியப் படுக்க வெச்சது நான். இன்னைக்கு நான் தொடல. இன்னைக்கு மரமே சொல்லிருச்சு, வேணாம்னு."

சடையன் ரெண்டடி பின்னால போயிட்டாரு. "அப்ப வெட்டக் கூடாது தாயி. ஒன் புருசன் உசுரு."

"எனக்குத் தெரியாதா? புள்ள செத்துக்கிட்டு இருக்கு. வாங்க."

ஒருத்தனும் கோடாலிய வாங்க மாட்டேங்குறான். வெட்டுனவன் தலையில பழி வந்துருமேன்னு பயம். குருவாயி யாரையும் கெஞ்சல. திரும்பி மேட்டுக்கு நடந்தா, சீலைய இழுத்துச் சொருகுனா, மொத வெட்ட அவளே போட்டா. "அய்யா சாமி, நீங்க எங்க இருந்தாலும் என்னைய மன்னிச்சுக்கங்க"ன்னு சொல்லி ரெண்டாவது வெட்டு. அதுக்கப்புறம் ஆம்பளைக மனசு கேக்காம ஓடியாந்து கோடாலிய வாங்கிக்கிட்டாக.

மரம் சாஞ்சுச்சு. பட்ட பாதிக்குள்ள எலும்பு மாதிரி காஞ்சு கெடந்துச்சாம். மொதக் கட்டை அங்காயி வீட்டு அடுப்புக்குப் போச்சு. தீ புடிச்சு, குடிசை சூடாகி, உச்சிப்பொழுதுல புள்ள வீல்னு அழுதுச்சு. அந்தப் புள்ள எங்க பூட்டன். அன்னைக்கு அந்தத் தீ இல்லன்னா நானும் இல்ல, இந்தா பல்லக் குத்திக்கிட்டு உக்காந்திருக்கானே, இவனும் இல்ல.

வெள்ளப்பன் வந்தானான்னு கேப்பீங்க. வரல. என்ன ஆனான்னு இன்னைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. வந்தான்னு சொல்லிக் கதைய முடிச்சா ஒங்களுக்கு நல்லா இருக்கும். எனக்கு அப்பிடிப் பொய் சொல்ல வராது.

மரம் போன அன்னைக்குச் சாயங்காலமே குருவாயி அந்த எடத்துல போயி நின்னா. அவரு கண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணு தெரியட்டும்னு தலையில வெள்ளத் துணியக் கட்டிக்கிட்டு நின்னா. அதுக்கப்புறம் மழையோ பனியோ, பொழுது எறங்குனா அவ அங்கதான். தடம் தப்புன எத்தனையோ பேரு அந்த வெள்ளத் துணியப் பாத்து ஏறி வந்தாக. மஞ்சுக்குள்ள ஒரு தலை தெரியிறப்பெல்லாம் இவ ரெண்டு எட்டு முன்னால வைப்பாளாம். கிட்ட வந்தா வேற ஆளா இருக்கும். "வாங்க, கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க"ம்பா.

வருசம் ஓடிருச்சு. அவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இருந்தும் நிக்கிறா. எங்க பூட்டன் வளந்து ஆளாகி, அவரும் பொதிமாடு ஓட்டுனாரு. ஒரு நாளு பொழுது சாய கணவாய் ஏறி வர்றாரு. மேட்டுல குருவாயி கையக் கண்ணுக்கு மேல வெச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாம, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்துக்கிட்டு நிக்கிறா. இவருக்குத் தாங்கல. கீழ இருந்தே கத்துனாராம், "வந்துட்டேன் ஆத்தா!"

கொரலு வெள்ளப்பன் கொரலு இல்லைன்னு அவளுக்குத் தெரியாமயா இருக்கும். இருந்தாலும், "வந்துட்டியா, வா சாமி"ன்னு சொல்லிட்டு, நின்ன எடத்துல அப்பிடியே உக்காந்தாளாம். பொழுது எறங்குற நேரத்துல அவ உக்காந்து ஊரு பாத்தது அன்னைக்கு ஒரு நாளுதான்.

அதுலருந்து கணவாய் ஏறுற நம்ம ஊரு ஆளு யாரா இருந்தாலும் அந்த மேட்டப் பாத்து "வந்துட்டேன் ஆத்தா"ன்னு சொல்லித்தான் ஊருக்குள்ள வரணும். அவ போயிச் சேந்தப்புறமும் அது நிக்கல. பஸ்சு வந்தும் நிக்கல. இப்பவும் அந்த வளைவுல பஸ்சு திரும்புறப்ப, காலேசுக்குப் போயிட்டு வர்ற புள்ளைக கூட சன்னல் வழியா மேட்டப் பாத்து முணுமுணுக்குதுக. அவ ஒருத்தன் வாயால கேக்கணும்னு தவிச்ச சொல்ல ஊரே தெனம் சொல்லுது. அவன் மட்டும் சொல்லல.