பிப்பெரிடினுக்கு வாசனை இல்லை

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருஷமாக நின்றே வேலை பார்த்துக் கால் ஓய்ந்துவிட்டது.

பிப்பெரிடின் பற்றிக் கேட்டீர்கள். ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் கைகோத்து வட்டமாக நிற்கும். அவ்வளவுதான் அதன் குடும்பம். நிறமில்லை. தண்ணீர் மாதிரியே இருக்கும், தண்ணீரோடு கலந்தும் போகும். நெருப்பைக் கண்டால் மட்டும் சும்மா இருக்காது. நல்லவேளையாக நாறும், அழுகிய மீன்மேல் மிளகைத் தூவியது போல. கொட்டினால் மூக்கே சொல்லிவிடும்.

இந்தக் குணங்களை அட்டவணையாக எழுதுவது என் வேலை. "நாற்றம் உண்டு" என்று எழுதியிருந்தேன். பக்கத்து மேசை சீனியர், நாங்கள் அக்கா என்போம், அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"நாத்தம்னு எழுதாதடா தம்பி, அறிக்கையோட மானம் போகுது. வாசனைன்னு போடு."

"மீன் அழுகினா வாசனையாக்கா?"

"உன் வாய்க்கு ஒரு மூடி போடணும்."

கோபமெல்லாம் இல்லை. கூடத்தில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. அது அக்காவுக்குத்தான் என்று அன்று மதியம் தெரிந்தது. சலிப்பாக இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை என் முழங்கை பட்டு அரை லிட்டர் பாட்டில் சாய்ந்தது. பிப்பெரிடின் அக்காவின் மேசைக்கடியில் ஓடியது. அது தற்செயல், எழுதிக்கொள்ளுங்கள். துடைக்கத் துணிகூட எடுத்தேன். அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். நான்கு நாளாக அவருக்குச் சளி.

"தரையெல்லாம் ஈரமா இருக்கே?"

"இப்பதான் துடைச்சுட்டுப் போனாங்கக்கா."

துடைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

"ஏதாச்சும் வாசனை வருதாடா? எனக்கு மூக்கு செத்துப்போச்சு. பர்னரைப் பத்தவைக்கணும்."

யோசித்துப் பார்த்தேன். பூ வாசனை இல்லை, சோப்பு வாசனை இல்லை.

"வாசனையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனேன். கதவையும் சாத்தினேன். காற்றில் பர்னர் அணைந்தால் அவருக்குத்தானே சிரமம்.

நேற்று மருத்துவமனையில் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை திரும்பாது என்கிறார்கள். என் குரல் கேட்டதும், "தம்பி, உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"ஒண்ணும் ஆகலக்கா."

அவரிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை, ஐயா.