மீட்டர் பார்க்கும் வரை லிஃப்ட் ஓடாது

"ஹலோ... ஹலோ, மச்சான்... ஆமா, நான்தான். லிஃப்ட்லதான் இருக்கேன்... இல்ல, ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. நடுவுல தொங்கறேன்."

நகராட்சி அலுவலக வரிப் பிரிவு எழுத்தர் இருட்டில் கதவைப் பார்த்தபடி பேசினார். மறுமுனையில் இருந்தவர் பொறியியல் பிரிவு எலெக்ட்ரீஷியன். எழுத்தரின் மனைவிக்கு அண்ணன். பிரிவுகளுக்குள் நடந்த மின்சிக்கனப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். முதலிடத்துக்கு இந்த இரண்டு பிரிவுகளும்தான் முட்டிக்கொண்டிருந்தன.

"கரண்ட் போயிடுச்சா?... போகலையா... நீங்களே அணைச்சீங்களா. ஆகா... ஆமா, ஆமா, லிஃப்ட் உங்க பிரிவு மீட்டர்லதான் ஓடுது, தெரியும் மச்சான்... சரி, ஆபீஸ்ல மச்சான் கிடையாது. சார். உள்ள ஆள் இருக்காங்களான்னு ஒரு குரல் குடுத்திருக்கலாமே சார்... ஓ, தொண்டைத் தண்ணி வத்திடும். அதுவும் சிக்கனம்தான்."

வரிப் பிரிவு மட்டும் யோக்கியமா என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். எழுத்தருக்குச் சுருக்கென்றது.

"நாங்க ஃபேனை நிறுத்திட்டு வரிக் கோப்பை எடுத்து விசிறிக்கிட்டோம் சார். நம்ம கோப்பு அசையுதேன்னு ஜனங்களே சந்தோஷப்பட்டாங்க... பரிசு எங்களுக்கும் வேணும்தான். கரண்டை மிச்சம் பிடிச்சா ஏசி பரிசு. அந்த மூளைக்கு மாலைதான் போடணும்... சரி, எப்பதான் போடுவீங்க?... மீட்டர் பாக்கற அதிகாரி வந்த பிறகா... ஒரு தடவை ஏறி இறங்கினாலே மீட்டர் ஓடிடுமா, நாங்க ஜெயிச்சிடுவோமா... புரியுது, புரியுது. எனக்கு மூச்சு முட்டுதே?... மெதுவா விடணுமா. நல்லது சார். உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடறேன்... அதிகாரி வண்டி கீழ நிக்குதா? வண்டி அங்கதான் நிக்கும். ஆளு இங்க நிக்கறார்."

லிஃப்ட் மூலையில் சாய்ந்திருந்த அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஹலோ... ஆமா, அவரேதான்... ஆமா, எல்லாமே கேட்டார். ஸ்பீக்கர்லதானே போட்டிருக்கேன்... இப்ப மாப்பிள்ளை ஆயிட்டேனா. சந்தோஷம்... மெயின் சுவிட்சுக்கா ஓடுறீங்க? ஓடுங்க, ஓடுங்க... இருங்க, இருங்க."

அதிகாரி அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். எழுத்தரின் குரல் பாதியாக இறங்கியது.

"மச்சான், போடாதீங்க... விளையாடல. இவர்தான் வேணாங்கறார். அளவு எடுக்காம யாரும் சுவிட்சைத் தொடக் கூடாதாம். விதியாம். எழுதினதே இவர்தானாம்... நானும் அதைத்தான் கேட்டேன். அளவு எடுக்க இவர் வெளிய வரணும். வெளிய வர லிஃப்ட் ஓடணும். லிஃப்ட் ஓட அளவு எடுக்கணும்... கோபமா? உருகிப் போயிட்டார் மச்சான். எத்தனையோ ஆபீஸ் பாத்தாச்சாம், இப்படி ஒரு கட்டுப்பாட்டைப் பாத்ததே இல்லையாம்... ஆமா, தலை சுத்தறது எனக்குத்தான்... இருங்க, என்னமோ கேக்கறார்."

எழுத்தர் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார்.

"போனுக்கு எங்க சார்ஜ் போட்டேன்னு கேக்கறார்... ஆபீஸ்லதான். வேற எங்க போடுவேன்... அப்ப நான் பேசப் பேச எங்க பிரிவுக் கணக்கு ஏறுதாம்... கதவை உடைக்க ஆள் கூப்பிடறீங்களா? வேணாம் மச்சான், அதுக்கும் நான் பேசணும். உங்களை ஜெயிக்க விட்டுட்டு நான் வெளிய வந்து என்ன பண்ண... வெச்சிடறேன்."