கோச் கூட்டிக்கொண்டு போன ஆட்கள்

மார்க்கம் ரோட்டில் வடக்கே போகும் பஸ்ஸில், வேலை முடிந்து வந்த இரண்டு பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள். "போகேக்கை முழுப்பேரையும் கூட்டிக்கொண்டு போயிட்டான் அண்ணை" என்று இளையவர் சொன்னதும், காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"ஆர்?"

"எங்கட ஃபுட்போல் கோச்தான். வேற யூனிவர்சிற்றி கூப்பிட்டவுடனை உதவிக் கோச்மார் எல்லாரோடையும் வெளிக்கிட்டிட்டான்."

"எங்கட கோச்சோ? அந்த அமெரிக்க யூனிவர்சிற்றி வாசலையே நீர் கண்டதில்லை."

"கண்டதில்லைத்தான். பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுற அந்த விளையாட்டும் எனக்கு அரைவாசிதான் விளங்கும். ஆனாலும் சனிக்கிழமையிலை ரீவிக்கு முன்னாலை நிண்டு கத்துறது நான்தானே."

மூத்தவர் சிரித்தார். இளையவர் சிரிக்கவில்லை.

"அவனுக்காக அவ்வளவு பேரும் வீட்டை விட்டிட்டுப் போயிருக்கினம். நான் முந்தின வேலையை விடேக்கை ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பாக்கேல்லை. என்ர கதிரை ஆருக்கெண்டுதான் சண்டை."

"இப்ப ஏன் உந்தக் கதை?"

இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

"பிக்கரிங்கிலை ஒரு வெயார்ஹவுசுக்கு என்னைச் சுப்பவைசரா எடுத்திருக்கினம். ஆக்களையும் சேர்க்கச் சொல்லினம். எனக்கு ஆக்களிட்டை வேலை வாங்கத் தெரியாது அண்ணை, பயமாக் கிடக்கு. நீங்கள் வருவியளோ?"

"எனக்கு முழங்கால் நோ."

"தெரியும்."

"இங்கிலிசும் அரைகுறை."

"எனக்கும்தானே."

மூத்தவர் சாப்பாட்டுப் பையை மடியில் சரிசெய்தார். "வாறன். ஆனால் ஆக்களுக்கு முன்னாலை என்னை ஏசிப்போடாதையும்."

"ஏசவோ? உங்களைக் கண்டவுடனை எழும்பி நிக்கிற பழக்கத்தை எப்பிடி விடுறதெண்டுதான் யோசிக்கிறன்."