டத்தோவுக்கு ஒரு கிளாஸ் பாண்டோங்

தலைமைக்கென்றே பிறந்து, தலைமையிலேயே வளர்ந்து, தலைவர் நாற்காலியை விட்டு எழ மனமில்லாமல் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் டத்தோ லோகேஸ்வரன் அவர்களே! யார் நீட்டினாலும் எதை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத எங்கள் கற்றூண், செயலாளர் குமுதா அக்கா அவர்களே! நிகழ்ச்சியைத் தேன்தமிழில் தொகுத்து வழங்கும் தலைவரின் தவப்புதல்வி, தங்கை சுபாஷினி அவர்களே! பட்டர்வொர்த்திலிருந்து கடல் தாண்டியும், சுங்கை பாக்காப்பிலிருந்து பாலம் தாண்டியும் வந்து, சாம்பார் வாசனை வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! இரண்டாம் வரிசையில் அமைதியாக விசிறிக்கொண்டிருக்கும் என் மலாய்த் தோழி புவான் இஸ்ஸதி அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம் உரித்தாகட்டும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'மென்மையே பெண்மை'. தந்தவர் தலைவர். பேச வந்தவளின் தொழில் என்ன? துப்பறிவது! என் பெயர் ருக்குமணி. பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் என் அலுவலகம். உங்கள் பெண்ணுக்கு வரன் வந்தால், மாப்பிள்ளை குடிப்பாரா, அடிப்பாரா, வேறெங்காவது குடித்தனம் நடத்துகிறாரா என்று விசாரித்துச் சொல்வேன். அதோ, பின்வரிசையில் ஒரு தம்பி தலையைக் குனிகிறார். பயப்படாதீங்க தம்பி, உங்க பேர சொல்லமாட்டேன்.

மென்மைக்கு எடுத்துக்காட்டாக ஒரு கொலைகாரியின் கதையைச் சொல்லட்டுமா? என்னக்கா, 'சொல்லு லா' என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஒரு பெரிய மனிதர். பெயர் வேண்டாம். அவர் தலைமையில் ஒரு சங்கம். சங்கத்துக்கு ஜோர்ஜ்டவுன் நடுவே ஒரு பழைய மண்டபம். அதை விற்றால் அங்கே சுற்றுப்பயணிகளுக்குச் சொகுசு ஹோட்டல் எழும்பும். பெரிய மனிதர் இன்னும் பெரிய மனிதர் ஆவார். ஆனால் செயலாளர் அம்மா கையெழுத்திட்டால்தான் விற்க முடியும். அந்த அம்மா மறுத்தார். ஐயா கெஞ்சினார், கொஞ்சினார், மிஞ்சினார். அம்மா அசையவில்லை. அசையாதவரை என்ன செய்வது? அடியோடு அகற்றிவிடுவது என்று முடிவெடுத்தார் ஐயா.

ஆள் தேடினார். அதிலும் அவருடைய இனப்பற்றைப் பாருங்கள்! வெளியாள் வேண்டாமாம். கொலைக்குக்கூட நம்ம ஆளுதான் வேண்டுமாம். பெண்ணாக இருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்களாம். தெரிந்தவர் சொல்லி வந்தால் நம்பிக்கையாக இருக்குமாம். ரகசிய வேலைக்கு ஒரு பொம்பள ஆள் வேணும் என்று நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை காஜா மொய்தீன் அண்ணன் காதில் போட்டார். அண்ணன் நேரே என்னிடம் வந்தார். “ருக்கு, நீதானே ரகசிய வேலைலாம் செய்றே? பெரியவரு ஆள் தேடுறாரு, போய்ப் பாரு லா.” மாப்பிள்ளை விசாரணைதான் என்று நம்பி நானும் போனேன்.

போனால், என்னையல்லவா பெண் பார்த்தார்!

“எந்த ஊரு?”

“பைராம் தோட்டம்.”

“யாரு மக?” சொன்னேன். “கல்யாணம் ஆச்சா?”

“ஆகல.”

“ஒரு அம்மாவ அமைதியாக்கணும். நிரந்தரமா. முன்ன செஞ்ச அனுபவம் இருக்கா?”

அப்போதுதான் புரிந்தது, இது மாப்பிள்ளை விசாரணை அல்ல. ஆனாலும் முகம் மாறாமல் சொன்னேன்: “கிள்ளான்ல ரெண்டு, ஈப்போல ஒண்ணு, டத்தோ.”

“அவங்ககிட்ட விசாரிக்கலாமா?”

“தாராளமா. ஆனா அவங்க பதில் பேசமாட்டாங்க.”

ஐயோ, 'டத்தோ' என்று சொல்லிவிட்டேனா? இருக்கட்டும். பினாங்கில் டத்தோ பட்டம் வாங்கியவர்களுக்கா பஞ்சம்? ஆமாம் அம்மா, அந்தக் கொலைகாரி நான்தான். எழுந்து ஓடாதீர்கள், உட்காருங்கள்.

கவனித்தீர்களா? 'கொல்' என்ற சொல்லை ஐயாவின் உதடு தொடவே இல்லை. அமைதியாக்கணுமாம்! அடடா, மென்மை பெண்களுக்கு மட்டுமா சொந்தம்? திட்டமும் மென்மைதான். சங்க விழாவுக்கு என்னைச் சிறப்புப் பேச்சாளராக அழைப்பார். மேடையில் செயலாளர் அம்மாவின் பக்கத்தில் உட்கார வைப்பார். ஐயா தந்த பொடியை அந்த அம்மாவின் கிளாஸில் கலந்துவிட்டு நான் மைக்குக்கு வந்துவிட வேண்டும். அம்மா சாயும்போது ஐயா எல்லார் கண் முன்னாலும் மேடையில் இருப்பார். வயசான உடம்பு, வெயில், ரத்தக் கொதிப்பு; யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? இரங்கல் உரைகூட எழுதிவிட்டார். எனக்குப் படித்துக் காட்டி, “அழுகை வருதா?” என்று கேட்டார். வந்தது ஐயா, உண்மையாகவே வந்தது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார். 'சுருக்கவும்.' சுருக்குகிறேன் ஐயா. உங்கள் முகம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

இவ்வளவு திட்டமிட்டவர் ஒன்றை மறந்தார். இந்த மேடையில் தலைவர் வாய்வைக்காமல் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீரும் தொடக்கூடாது. அந்த மரியாதையைக் கொண்டுவந்தவர் யார்? ஐயாவேதான்! அதனால்தான் குமுதா அக்கா, தமக்கு வைத்த ரோஜா நிறப் பாண்டோங்கைத் தொடாமல், “தலைவர் மொதல்ல” என்று அவர் முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறார். வேர்க்கிறதே டத்தோ, குடியுங்கள். பால் கலந்த பாண்டோங், குளிர்ச்சியாக இருக்கும். கூட்டமே கைதட்டிக் கேட்கிறதே!

என்ன சொல்கிறீர்கள்? 'எனக்கு இனிப்பு நீர்.' நியாயம்தான். சர்க்கரை வியாதி உள்ளவரைப் பாண்டோங் குடி என்று வற்புறுத்தலாமா? புவான் இஸ்ஸதி, விசிறியைக் கீழே வைக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தங்கச்சி சுபாஷினி, நீ ஏன் இங்கே வருகிறாய்? என்னம்மா? மைக்கில் சொல். “எங்கப்பாவத்தானே சொல்றீங்க? அவர் அப்படிச் செய்ற ஆளில்ல. இதுல ஒண்ணும் இல்ல. நானே குடிச்சுக் காட்றேன்.” என்கிறாய். கிளாஸைக் கையில் எடுத்துவிட்டாய். நான் தடுக்கப் போவதில்லை. உதட்டுக்குக் கொண்டுபோகிறாய்...

“குடிக்காதம்மா! வெசம்! வெசம்மா அது!”

கேட்டீர்களா, பெரியோர்களே? இது நான் சொன்னதல்ல. தலைவர் தம் திருவாயால் முழங்கியது. புவான், தமிழ் தெரியாதவர்களுக்காக மலாயில் சொல்கிறேன்: 'ராச்சுன்' என்கிறார்.

புவான் இஸ்ஸதி ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். ஐயா என்னைப் பெண் பார்த்த மறுநாளே அவரிடம் போய்விட்டேன். அவர் சொன்னார்: “இப்போதே பிடித்தால், பொடியை எலிக்குக் கொடுத்தேன் என்பார். அமைதி என்றால் வாயை மூட வைப்பது என்பார். வெளியே வந்துவிடுவார். அடுத்த தடவை உண்மையான ஆளைப் பிடிப்பார்.” அந்தக் கிளாஸில் என்ன இருக்கிறது என்று ஐயாவுக்குத் தெரியும் என்பதை ஐயாவேதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டார். பொடி எப்போதோ ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது. இதில் இருப்பது ஐசிங் சீனி. கொடு தங்கச்சி, நானே குடிக்கிறேன். ம்ம்... சீனி கொஞ்சம் அதிகம்.

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயாவைக் கீழே அழைத்துப் போகிறார்கள். போகும் முன் ஒன்று கேட்கிறேன். மகள் கையில் அந்தக் கிளாஸைக் கண்டதும் பட்டத்தை மறந்தீர்கள், பதவியை மறந்தீர்கள், பயத்தை மறந்தீர்கள். பெற்ற மனம் பதறியது. அந்தப் பதற்றத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஐயா, குமுதா அக்காவும் ஓர் அப்பன் பெற்ற மகள்தானே? அவர் பக்கத்து நாற்காலியில்தானே இருந்தார்? அவருக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கத்தியிருக்கக் கூடாதா?

தாய்மார்களே! இந்தப் பெண் அப்பாவை நம்பித்தான் கிளாஸை எடுத்தாள். அவள் நம்பிக்கையை உடைத்தவர் அவர் என்றால், உடைத்துக் காட்டியவள் நான். அதற்காக அவளிடம் உங்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன். குமுதா அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். மண்டபத்தைக் காத்தவர் அந்தக் கைகளுக்குள் இந்தப் பிள்ளையையும் வைத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்க அவளால் முடியாது. நானே அறிவிக்கிறேன்: மதிய விருந்து. யாராவது இரண்டு பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். இன்று அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.